அம்மாவின் பெருவிரல் வலியும் அலுமாரியில் பூட்டிய ஊசிகளும்

வாசகர் கேள்வி

என் அம்மாவுக்கு 66 வயது. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் 37 ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 14 வயதில் பெரியம்மாவிடம் கம்பளி பின்னப் பழகினார். அடுத்த ஆண்டு, 1974இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெரியம்மா குடும்பம் நீலகிரிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாதான் தொப்பியும் சுவெட்டரும் பின்னினார். எல்லாச் சுவெட்டரின் கீழ்க்கரையிலும் பெரியம்மா சொல்லிக்கொடுத்த கட்டம் கட்டமான ஒரே பின்னல் இருக்கும். ஓராண்டாக அம்மாவின் வலது பெருவிரல் அடியில் வீக்கமும் வலியும் உண்டு. மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் சொன்னார். சீனி வருத்தமும் இருப்பதால் மாதந்தோறும் கிளினிக் போகிறார். சொன்னால் கேட்காமல் இரவு பத்து, பதினொரு மணிவரை பின்னுகிறார். இரண்டு வாரங்களுக்கு முன் பின்னல் ஊசிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் செய்தது சரியா? பின்னினால் வலி கூடாதா? இன்னொன்று: என் 14 வயது மகன் அம்மாயி பின்னிய சுவெட்டரைப் பாடசாலைப் பையில் ஒளித்துவிட்டு ஜாக்கெட் கேட்கிறான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தொழில்வழிச் சிகிச்சையாளரின் பதில்

அன்பின் சகோதரிக்கு,

மூன்று கேள்விகளில் முதலாவதற்கு நேராகவே விடை சொல்கிறேன்: ஊசிகளை இன்று மாலையே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அம்மா வலியில் துடிப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் பூட்டினீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கமொன்றை, உரியவரைக் கேளாமல் அவர் கையிலிருந்து எடுத்து மறைப்பது மருத்துவமும் ஆகாது, மரியாதையும் ஆகாது.

இதை நான் என் பிழையிலிருந்தே கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், இதே வலியோடு வந்த ஓர் அம்மாவிடம், இனிமேல் பின்னவே வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது வலி குறைந்திருக்கவில்லை. விரல்கள் முன்னைவிட விறைத்திருந்தன. அப்போதுதான் அவருடைய ஒரு நாள் வேலையைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேங்காய் துருவுகிறார், போர்வையைப் பிழிகிறார், இறுகிய போத்தல் மூடிகளைத் திருகுகிறார், விறகு பிளக்கிறார். அந்த மூட்டுக்கு அதிகப் பாரம் தந்த வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, இருப்பவற்றில் இலேசானதும் அவருக்குப் பிடித்ததுமான ஒன்றை மட்டும் நான் நிறுத்தியிருந்தேன். உங்கள் வீட்டிலும் ஊசியைப் பூட்டியவர் துருவலையைப் பூட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, குதிரைச் சேணம் போன்ற வடிவில் ஒரு மூட்டு இருக்கிறது. பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நின்று பொருளைப் பிடிக்க முடிவது அந்த மூட்டினால்தான். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்துக் கிள்ளும்போது, நுனியில் நாம் கொடுக்கும் அழுத்தம் அடிமூட்டில் ஏறத்தாழ 12 மடங்காகப் பெருகி இறங்குகிறது. மூட்டின் வழவழப்பான பூச்சு தேய்ந்த பிறகு, ஊசிமுனையளவு கிள்ளல்கூட அங்கே சுருக்கென்று குத்துவது இதனால்தான். மாதவிடாய் நின்ற வயதைக் கடந்த பெண்களிடம் இத்தேய்வு மிகுதியாகக் காணப்படுகிறது. கைவேலை அதை வளர்க்கக்கூடும்.

உங்கள் அம்மாவின் கை செய்த வேலை என்ன என்று கணக்குப் பார்ப்போம். பல தோட்டங்களில் நாளுக்குக் கேட்கப்படும் 18 கிலோவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் கொழுந்து ஒன்று, ஒரு கிராம் இருந்தாலே பெரிது. ஒரு பிடியில் மூன்று நான்கு சேர்ந்து வந்தன என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், அவர் பெருவிரல் நாளொன்றுக்கு நாலாயிரம், ஐயாயிரம் தடவை கிள்ளியிருக்கிறது. அப்படி 37 ஆண்டுகள். இனிப் பின்னலைப் பாருங்கள். நடுத்தர நூலில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்), 30 வரி என்று வைத்தால், 50 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள முன்பக்கத்துக்கு 110 கண்ணியும் 180 வரியும் வேண்டும். அது 19,800 கண்ணி. பின்பக்கமும் இரண்டு கைகளும் சேர்ந்தால் ஒரு முழுச் சுவெட்டர் 60,000 கண்ணியைத் தொடும். இதை அவர் இரண்டு மாதத்தில் முடித்தால் நாளுக்கு ஆயிரம் கண்ணி. மலையில் நின்ற நாட்களோடு ஒப்பிட்டால் இது சிறு வேலை. அதுவும் குளிரிலும் மழையிலும் இடுப்பில் படங்கு கட்டி நின்று செய்யும் வேலையன்று. தேய்வுக்கான பழியைச் சுமத்த வேண்டிய இடம் கம்பளி நூல் அன்று.

ஆனால் இப்போதைய வலியைத் தூண்டுவதில் பின்னலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் கண்ணியை நாள் முழுவதும் பரப்பிப் பின்னுவதற்கும், இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து பதினொரு மணிவரை ஒரே மூச்சில் பின்னுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு தடவைக்கு 20 நிமிடம். பிறகு ஊசியை மடியில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் வேறு ஏதாவது செய்ய வேண்டும். வரி முடியட்டும், இந்தக் கட்டம் முடியட்டும் என்பார். பின்னுகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுப்படி மணிக்கூட்டை எதிரே வையுங்கள். தொடங்குமுன் இரண்டு கைகளையும் ஐந்து முதல் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சீனி உள்ளவர் என்பதால், நீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவர் கை வைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த விரல்களுக்குச் சூடு தெரியாமல் போகக்கூடும். விறைத்த விரல் ஊசியை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் கண்ணி இறுகும், இறுகிய கண்ணிக்குள் ஊசியைச் செலுத்த இன்னும் அழுத்த வேண்டும். மே மாதத்திலிருந்து உங்கள் பக்கம் இறங்கும் தென்மேல் பருவ மழையில் இது இரட்டிப்பாகும்.

ஊசியைப் பற்றிச் சொல்ல நிறையவே உண்டு. அம்மாவிடம் இருப்பது நீளமான, தலையில் குமிழ் வைத்த பழைய அலுமினிய ஊசியாக இருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கும், வழுக்கும். சுவெட்டரின் பாரம் முழுவதும் இரண்டு ஊசிகளில் தொங்கிக் கைகளை இழுக்கும். மூங்கில் ஊசி இலேசானது, தொட்டால் சில்லிடாது, கண்ணி வழுக்கிப் போகாததால் இறுக்கிப் பிடிக்கவும் தேவையில்லை. அதனிலும் நல்லது, இரண்டு குட்டை ஊசிகளை ஒரு மெல்லிய வடம் இணைக்கும் வட்ட ஊசி. துணியின் பாரம் வடத்தில் ஏறி மடியில் அமர்ந்துகொள்ளும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை. வரி முடிந்ததும் திருப்பிப் பிடித்து, வழக்கம் போல் போய்வந்து பின்னலாம்.

வாங்கும்போது நம்பரில் ஏமாந்துவிடாதீர்கள். நம் நாட்டில் முன்னோர் பழகியது பிரித்தானிய அளவு. அதில் நம்பர் கூடினால் ஊசி மெலியும். பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீற்றர், எட்டாம் நம்பர் 4 மில்லிமீற்றர். அமெரிக்க அளவில் இது தலைகீழ். அங்கே எட்டாம் நம்பர் 5 மில்லிமீற்றர், பத்தாம் நம்பர் 6 மில்லிமீற்றர். ஆகவே கடையில் நம்பரைச் சொல்லாமல் மில்லிமீற்றரைச் சொல்லிக் கேளுங்கள். இதுவரை பத்தாம் நம்பரில் பின்னியவர் என்றால் 4 மில்லிமீற்றருக்கு மாறட்டும். கண்ணி பெரிதாகும், அதே அளவுத் துணிக்கு எண்ணிக்கை குறையும், கை தளரும். முன்னால் பத்து சென்ரிமீற்றர் மாதிரித் துண்டொன்றைப் பின்னி அளந்து பார்க்காமல் பழைய கணக்கில் கண்ணி ஏற்றினால், சுவெட்டர் மருமகனுக்குக்கூடத் தொளதொளக்கும்.

நூலை வலக்கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியை விட்டுவிட்டு நூலைச் சுற்றி எறியும் முறையையே நம் அம்மாக்கள் பழகியிருக்கிறார்கள். நூலை இடக்கை விரலில் சுற்றி வைத்து ஊசிமுனையால் கொத்தி இழுக்கும் முறையில் அசைவு குறைவு. எனினும் ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்லி அவரை அலைக்கழிக்க நான் விரும்பவில்லை. ஒரு சிறு சதுரத்தில் முயன்று பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும். நீள ஊசியையே விரும்பினால், வலது ஊசியின் அடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னும் பழைய வழக்கம் நல்லது. பாரத்தைக் கைக்குப் பதிலாக உடல் தாங்கும்.

நூலில், பருத்தியே கைக்கு மிகவும் கடினம். அது சிறிதும் நெகிழ்ந்து கொடுக்காது. ஆட்டுக் கம்பளி நெகிழும், தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை வாங்கியும் உடம்பில் நனைந்த உணர்வைத் தராது. ஆனால் விலை அதிகம், துவைத்தால் தட்டையாக விரித்துத்தான் காயவைக்க வேண்டும். கடைகளில் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது அக்ரிலிக். மழைக்காலத்தில் சீக்கிரம் காய்வதால் அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பைச் சுற்றிக் குளிர்காயும் சிறு பிள்ளைகளுக்கு, தொங்கும் குஞ்சமும் அகன்ற கையும் வைத்து அக்ரிலிக்கில் பின்ன வேண்டாம்.

தேய்வு அல்லாத சில அறிகுறிகளை நீங்கள் கவனிக்க வேண்டும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று பொருள். மடித்த விரல் நிமிராமல் சிக்கி, பிறகு டக்கென்று விடுபட்டால், அது தசைநாண் உறையின் கோளாறு. இவ்விரண்டும் சீனி உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. காலையில் விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, பல மூட்டுகள் சேர்ந்து வீங்கினால், அது வேறு வகை வாதமாக இருக்கலாம். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். பெருவிரலை அசையாமல் தாங்கும் சிறு கைத்தாங்கி ஒன்றையும் அங்கே கேட்டுப் பாருங்கள். வீட்டுவேலையின்போது அதை அணிந்தால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும். மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியர் சொன்னதே முடிவு.

அம்மா ஏன் இரவில் பின்னுகிறார் என்று அவரைக் கேட்டீர்களா? கம்பளிப் பின்னல் ஒரு காலத்தில் தனியாள் வேலையாக இருக்கவில்லை. நூல் கழியாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிய கட்டாக, வரும். ஒரு பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டிக் கழியை மாட்டிக்கொண்டு நிற்க, மற்றவர் பந்தாகச் சுற்றுவார். பிள்ளை கையை வலமும் இடமும் சாய்த்துக் கொடுக்கவில்லை என்றால் நூல் சிக்கி ஏச்சு விழும். ஒருவர் வரி எண்ணுவார், ஒருவர் துண்டுகளைத் தைத்து இணைப்பார். இன்று நூல் பந்தாகவே வருகிறது. பிள்ளைகள் கைபேசியில் இருக்கிறார்கள். நீங்கள் வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். வீடு அடங்கிய பிறகு அவருக்குக் கிடைக்கும் துணை அந்த ஊசிகள்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னும் பழக்கமுடைய 3,545 பேரிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியும் மகிழ்ச்சியும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கனவே பின்னலை விரும்பியவர்கள் என்பதால் அதைப் பெரிய சான்றாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கும் அந்தக் கைகளைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் போதும்.

ஆகவே வேலையைப் பங்கு போடுங்கள். பின்னுவது அவர், இறுக்கிக் கண்ணி ஏற்றும் முதல் வரி, துண்டுகளைத் தைத்து இணைப்பது, முடிச்சிழுப்பது, துவைத்துப் பிழிவது ஆகிய நான்கும் உங்களுடையவை. இவற்றில்தான் கிள்ளலும் முறுக்கலும் அதிகம். நேரத்தையும் மாற்றுங்கள்: பின்னேரம் நல்ல வெளிச்சத்தில் வாசலில் உட்காரட்டும், இரவில் சமையலறை மின்குமிழின் கீழ் கண்ணியைத் தேடிப் பிடிக்கும் வேலை வேண்டாம்.

இனி மகன். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். 14 வயதில் வகுப்புத் தோழர்களைப் போல் இருப்பதே பெரிய காரியம். நுவரெலியா பேல் பசாரில் தொங்கும் ஜாக்கெட் மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். சுவெட்டர் இரண்டையும் தடுக்காது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அவருக்குத் தெரியும், சகோதரி. முழங்கை தேயாத, கரை நைந்துபோகாத சுவெட்டரை மடித்து வைக்கும் எந்தப் பின்னல்காரருக்கும் அது தெரியும். மகனையே பேசவிடுங்கள், அம்மாயி, இது எனக்கு வேண்டாம், வேறொன்று பின்னித் தாங்க என்று அவன் வாயாலேயே கேட்கட்டும். பூ வேலை இல்லாத கறுப்புத் தொப்பியோ, ஜாக்கெட்டுக்குள் போடும் கழுத்துப் பட்டியோ அவன் விரும்பக்கூடும். நிறத்தையும் அளவையும் அவனே சொல்லட்டும்.

ஒளித்த சுவெட்டரை அவிழ்த்து அந்த நூலையே எடுக்கலாம். கையால் பின்னியது ஒரே இழையாக வரும். முடித்த விளிம்பிலிருந்து இழுத்தால் சர்ரென்று கழன்றுகொண்டே போகும், கண்ணி ஏற்றிய விளிம்பிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். (பழைய துணிக் கடையில் மலிவாகச் சுவெட்டர் வாங்கி அவிழ்க்கலாம் என்று யாராவது சொன்னால், உள்தையலைப் பாருங்கள், வெட்டி இயந்திரத்தில் தைத்ததாக இருந்தால் முழத்துக்கு முழம் அறுந்து வரும்.) அவிழ்ப்பதை மகனிடம் விடுங்கள், எந்தப் பையனும் மறுக்க மாட்டான். நாற்காலி முதுகில் கழியாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் நீங்கிவிடும். அடுத்த பிள்ளைக்குப் பின்னும்போது கைகளைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிப் பின்னச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்ததும் விளிம்பை அவிழ்த்து நீட்டிக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு யோசனை சொல்லக்கூடும்: டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமிவரை சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களுக்காக நல்லதண்ணிப் பாதையில் கம்பளித் தொப்பி விற்கிறார்களே, அம்மாவும் பின்னிக் கொடுக்கலாமே என்று. கைச்செலவுக்கு ஆகும் என்பது உண்மை. எனினும் இந்தக் கைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பது தொப்பி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று ஒருவர் கேட்ட அன்றே 20 நிமிடக் கணக்கு முறிந்துவிடும். பின்னேரத்து வாசல் மறுபடியும் ஒரு கொழுந்து மலையாகிவிடும்.

ஊசியைக் கொடுக்கும்போது முதல் வேலையாக அவர் தமக்கே ஒன்று பின்னட்டும். இத்தனை பிள்ளைகளுக்குப் பின்னியவர் தமக்கென்று எதையும் பின்னியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. விரலில்லாத மணிக்கட்டுக் கையுறை எளிது: 4 மில்லிமீற்றர் ஊசியில் 40 கண்ணி ஏற்றி, இரண்டு பிளேன் (நேர்க் கண்ணி), இரண்டு பேர்ல் (எதிர்க் கண்ணி) என்று 18 சென்ரிமீற்றர் நீளம் பின்னி முடித்து, பெருவிரலுக்கு 4 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பக்கத்தைத் தைத்தால் ஆயிற்று. தைப்பது உங்கள் பங்கு. பின்னும்போதே அதை அணிந்துகொண்டால் அடிமூட்டு சூடாக இருக்கும்.

பெரியம்மாவின் அந்தக் கட்டப் பின்னல், நீங்கள் விவரித்த அளவில், கூடைப் பின்னலாக இருக்கலாம். எட்டால் வகுபடும் எண்ணிக்கையில் கண்ணி ஏற்றி, நான்கு பிளேன், நான்கு பேர்ல் என்று நான்கு வரி பின்னி, அடுத்த நான்கு வரிகளை நான்கு பேர்ல், நான்கு பிளேன் என்று மாற்றித் தொடங்கினால், கூடை முடைந்ததுபோல் மேடும் பள்ளமும் எழும்பும். நூலை முன்னும் பின்னும் அடிக்கடி கொண்டுபோக வேண்டியிருப்பதால் அது பெருவிரலைக் களைப்பாக்கும். கரையில் மட்டும் வைப்பது என்ற அம்மாவின் வழக்கத்தை மாற்ற வேண்டாம். அவர் உண்மையில் எப்படிப் பின்னுகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்; இதுவரை அது அவருடைய கைகளில் மட்டும்தான் இருக்கிறது.

அதே கொப்பியின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்குப் பின்னினார், எவ்வளவு நேரம், அன்றிரவு வலி பத்துக்கு எத்தனை என்று ஆறு வாரம் குறித்து, கிளினிக் நாளன்று வைத்தியரிடம் காட்டுங்கள். தேங்காய் துருவிய நாட்களையும் மறக்காமல் குறியுங்கள்.